பழைய மின்சாரக் கார் வாங்க முன்னர்: ஓமந்தையில் நின்ற ஒரு பின்னேரத்தில் நான் படித்த பாடம்

 

எங்கள் முற்றத்தில் தம்பியின் எம்ஜீ கார் வந்து நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் புளியங்குளம் சந்தியிலும் ஒரே கேள்விதான். "சேர், கரண்ட் கார் நல்லமா? பழையது வாங்கலாமா? பற்றரி போனா என்ன செய்றது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே பதிவில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மெக்கானிக் இல்லை. கல்வியியற் கல்லூரியில் கணிதம் படித்து வந்தவன். ஒரு காரில் ஏமாந்து, இன்னொன்றில் தப்பியவன். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

எங்கள் உம்மாவுக்குச் சிறுநீரக நோய். கிழமையில் இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்க வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். போய்வர ஐம்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். 2022 இல் பெற்றோல் வரிசையில் நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். கியூஆர் குறியீடு வர முன்னர் ஷெட்டில் இரவு முழுக்க நின்றுவிட்டு, காலையில் வெறும் கானோடு திரும்பியிருக்கிறேன். அந்த வருடக் கடைசியில்தான் ஒரு முடிவு எடுத்தேன். இனி உம்மாவின் பயணம் ஷெட்டை நம்பி இருக்கக்கூடாது.

புதுக் கார் நினைக்கவே முடியாது. 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்கள் தங்கம் மாதிரி விலை ஏறின. உம்மாவின் நகை, என் சீட்டுக் காசு, கட்டாரில் இருக்கும் தம்பி அனுப்பியது எல்லாம் சேர்த்து ஒரு பழைய நிசான் லீஃப் வாங்கினேன். 24 கிலோவாட் மணி பற்றரி. விற்றவர் மீற்றரைக் காட்டினார். வலது பக்கத்தில் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் 12 பார்களும் நிறைந்திருந்தன. "ஜப்பானில் ஒரு வயதானவர் ஓடின கார், சேர்" என்றார். நம்பினேன்.

ஆறாவது கிழமை ஒரு பார் விழுந்தது. பிறகு இன்னொன்று. மூன்று மாதத்துக்குள் எட்டில் வந்து நின்றது.

நடந்தது என்னவென்று பிறகுதான் விளங்கியது. பற்றரியின் ஆரோக்கியத்தைக் கணக்கு வைத்திருக்கும் கணினியை ஒரு கருவியால் அழித்துவிட்டால், அது பழைய பற்றரியைப் புதிது என்று நினைத்து 12 பாரையும் காட்டும். ஓட ஓட உண்மை தெரிந்து ஒவ்வொன்றாக விழும். லீஃப் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது, சும்மா காற்றில்தான் ஆறவேண்டும். எங்கள் வெயிலில் அது சீக்கிரம் தேய்வது இயல்பு. தேய்ந்ததில் எனக்குக் கோபம் இல்லை. மறைத்ததில்தான் கோபம்.

அதன் விலையை ஒரு பின்னேரம் கட்டினோம். முதல் நாள் இரவு காற்றில் மரம் விழுந்து கரண்ட் இல்லை, கார் முழுதாக சார்ஜ் ஏறவில்லை. சமாளிக்கலாம் என்று போனேன். சிகிச்சை முடிந்து களைத்திருந்த உம்மாவுக்காக ஏசியைப் போட்டுக்கொண்டு மருந்துக் கடை வாசலில் அரை மணித்தியாலம் நின்றேன். திரும்பி வரும்போது ஓமந்தை தாண்ட முன்னரே மீற்றரில் ஆமைப் படம் வந்தது. பிறகு காரே ஆமையானது. பிறகு நின்றது.

2002 சமாதான காலத்தில் புத்தளத்திலிருந்து தண்ணீரூற்றில் விட்டுவந்த எங்கள் வீட்டைப் பார்க்க வந்தபோது, இதே ஓமந்தைச் சோதனைச் சாவடியில் உம்மா பை பையாகத் திறந்து காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அன்று பின் சீற்றில் சாய்ந்தபடி சொன்னார்: "மகன், இந்த ஓமந்தை நம்மள லேசில விடாது போல." சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் ஊசி குத்திய இடத்தில் கட்டுப் போட்டிருக்கும் தாயை வீதியோரம் வைத்துக்கொண்டு ஓட்டோ தேடியவனுக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

இனி தம்பியின் கதை. கட்டாரில் எட்டு வருட உழைப்பு முடிந்து ஊரோடு வர முடிவெடுத்தார். வந்து ஹயர் ஓடவும், உம்மாவைக் கொண்டுபோய் வரவும், பெருநாளைக்குப் புத்தளத்துச் சொந்தங்களிடம் போகவும் ஒரே வாகனம் வேண்டும். 1990 இல் பிரிந்த குடும்பம் எங்களுடையது. பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் இன்னும் அங்கே. புத்தளம் ஒரு வழிக்கு மட்டும் 150 கிலோமீற்றரைத் தாண்டும். லீஃப் அதற்குக் கனவிலும் ஆகாது. 2022 இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பிய டொலருக்கு ஏற்ப மின்சார வாகனம் இறக்க அரசு அனுமதி கொடுத்ததே, அப்படி வந்த வாகனங்களும் கைமாறி விற்பனைக்கு வரத் தொடங்கியிருந்தன. தம்பி ஒரு எம்ஜீ இசட்எஸ் ஈவியின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, "நானா, நாளைக்கே அட்வான்ஸ் குடுங்க" என்றார்.

நான் கொடுக்கவில்லை. "எட்டு வருசக் காசுடா, எட்டு நாள் பொறு" என்றேன். அந்த எட்டு நாளில் படித்ததும் பார்த்ததும்தான் கீழே இருப்பவை.

முதலில் வாகனத்தின் விபரம். இசட்எஸ் ஈவியின் முதல் வகை 2019 இல் வந்தது. பற்றரி 44.5 கிலோவாட் மணி. ஒரு கிலோவாட் மணி என்பது கரண்ட் பில்லில் வரும் ஒரு அலகுதான், ஆகவே அதை 44.5 அலகு பிடிக்கும் தாங்கி என்று நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் 105 கிலோவாட். பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் உண்டு, லீஃபோடு ஒப்பிட்டால் இதுதான் பெரிய வித்தியாசம். ஐரோப்பியச் சோதனை முறையில் முழுச் சார்ஜுக்கு 263 கிலோமீற்றர். பார்க்க ஜீப் மாதிரி உயரமாக இருந்தாலும் அடிவயிற்றுக்கும் நிலத்துக்கும் இடைவெளி 161 மில்லிமீற்றர் அளவுதான். பிறகு வந்த மாற்றிய வகைக்குப் பெரிய பற்றரிகள். இதே வகுப்பில் பிவைடி அட்டோ 3 இன் பெரிய பற்றரி 60.48 கிலோவாட் மணி, மோட்டார் 150 கிலோவாட், அதே சோதனை முறையில் 420 கிலோமீற்றர். காசு இருந்தால் அது நல்லது. எங்களிடம் இருந்த காசுக்கு முதல் வகை இசட்எஸ்தான்.

இனிப் பார்க்கவேண்டியவை.

ஒன்று, பற்றரி. மீற்றர் காட்டும் "மிச்சம் இத்தனை கிலோமீற்றர்" என்பதை நம்பவேண்டாம். அது ஒரு ஊகம், முதல் நாள் எப்படி ஓடினீர்களோ அதைப் பொறுத்து மாறும். ஓபிடி கருவி மாட்டி பற்றரி ஆரோக்கியச் சதவீதத்தை வாசிக்கலாம். ஆனால் கணக்கை அழித்த லீஃப் போன்ற காரில் கருவியும் ஏமாறும். ஏமாறாதது வீதி மட்டும்தான். காரை 100 வரை சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். ஏசியைப் போட்டு உங்கள் வழமையான வேகத்தில் ஒரு 60 கிலோமீற்றர் ஓடுங்கள். எத்தனை சதவீதம் குறைந்தது என்று பாருங்கள். நாங்கள் ஏ9 வீதியில் ஓடியபோது 27 சதவீதம் குறைந்தது. 60 ஐ 27 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கினால் 222 கிலோமீற்றர். ஆறாம் வகுப்புக் கணக்கு. இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டு, சின்னப் பற்றரி. மின்சாரக் காரிலும் சாதாரணக் காரில் உள்ளதுபோல 12 வோல்ட் பற்றரி ஒன்று உண்டு. பெரிய பற்றரியை இணைக்கும் சுவிட்சுகளை எழுப்புவது அதுதான். அது செத்தால் பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் கார் அசையாது. இந்த வாகனத்தில் அடிக்கடி கேள்விப்படும் முறைப்பாடு இதுதான். பல கிழமை ஓடாமல் நிறுத்திவைத்த கார் என்றால் முதலில் இதைச் சோதியுங்கள். நல்ல செய்தி, இதை மாற்றப் பெரிய செலவு இல்லை. இதைக் காட்டி "கார் செத்துப்போச்சு" என்று பயமுறுத்துபவர்களும் இருக்கிறார்கள், ஏமாறவேண்டாம்.

மூன்று, அடிவயிறு. காரைத் தூக்கிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவேண்டாம். பற்றரிப் பெட்டி காருக்கு அடியில் முழுக்கப் படுத்திருக்கிறது. எங்கள் கிரவல் ரோட்டும் குளத்துக் கட்டும் அதற்கு எதிரி. 2025 நவம்பரில் டித்வா புயல் வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் கவனம் வேண்டும். சீற் பெல்ற்றைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு இருக்கிறதா என்று. கார்ப்பெற்றைத் தூக்கி மணந்து பாருங்கள். சீற்றுக்குக் கீழே உள்ள வயர் முனைகளில் பச்சை பிடித்திருந்தால் விலகிவிடுங்கள்.

நான்கு, சார்ஜ் ஏறுவது. ஓட்டைக்குள் செருகினால் பூட்டு விழுகிறதா, கழற்றும்போது விடுகிறதா, இரவு முழுக்க இடையில் நிற்காமல் ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும். வேகச் சார்ஜர் உள்ள இடத்தில் அதையும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். லீஃபின் வேகச் சார்ஜ் ஓட்டை வேறு, இசட்எஸ்ஸின் ஓட்டை வேறு. போகும் வழியில் உள்ள சார்ஜர் எந்த வகை, இன்றைக்கு இயங்குகிறதா என்று போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் புறப்படுவது புத்தி. இன்னொன்று, எப்போதும் அவசரத்துக்கு வேகச் சார்ஜ் மட்டும் போட்ட காரில் பற்றரிக்குள் உள்ள கலங்கள் சமநிலை இழந்துவிடும். மாதத்துக்கு ஒருதடவையாவது மெதுவான சார்ஜில் 100 வரை ஏற்றி, கார் தானாக முடிக்கும்வரை விடவேண்டும். முன்னைய சொந்தக்காரர் அப்படிச் செய்தாரா என்று கேளுங்கள். "அப்படியொன்று இருக்கா?" என்று அவர் திருப்பிக் கேட்டால் விடை கிடைத்துவிட்டது.

ஐந்து, ஓடும்போது காது. இயந்திரச் சத்தம் இல்லாததால் மற்ற எல்லாச் சத்தமும் கேட்கும். கியர்ப் பெட்டியில் வேகத்தோடு ஏறும் ஊளை, பள்ளத்தில் முன் பக்கம் "டக் டக்" என்று அடிக்கும் சத்தம் இரண்டையும் கவனியுங்கள். ஒன்றரைத் தொன் பாரம், டயர் சீக்கிரம் தேயும். பிரேக் குறைவாகப் பாவிப்பதால் டிஸ்க்கில் துருப் பிடிக்கும். குளிரூட்டும் திரவத்தின் அளவு குறைந்திருந்தால் ஏன் குறைந்தது என்று கேட்காமல் விடாதீர்கள்.

ஆறு, ஆவணம். செசி இலக்கத்தை வைத்து, உற்பத்தியாளர் திருப்பி அழைத்த வாகனமா என்று தேடுங்கள். 2021 இல் ஹியுண்டாய், தீப்பிடிக்கும் அபாயத்தால் கோனா மின்சாரக் கார்களை உலகம் முழுக்கத் திருப்பி அழைத்துப் பற்றரி மாற்றியது. அப்படியான காரில் அந்த வேலை நடந்ததா என்பது முக்கியம். சலுகை அனுமதியில் வந்த வாகனத்தைப் பெயர் மாற்றத் தடை ஏதும் இருக்கிறதா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிட்டுத்தான் காசு கொடுக்கவேண்டும். முகவர் இறக்காத வாகனத்துக்கு இங்கே உத்தரவாதம் செல்லுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். லீசிங் மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏழு, உங்கள் வீடு. இதை யாரும் சொல்வதில்லை. எங்கள் வீடுகளில் பெரும்பாலும் 30 அம்பியர் ஒருமுனை இணைப்பு. 230 ஐ 30 ஆல் பெருக்கினால் 6.9 கிலோவாட். சுவரில் பூட்டும் 7 கிலோவாட் சார்ஜர் 32 அம்பியர் இழுக்கும். அது இணைப்பின் அளவைத் தாண்டும், பிரேக்கர் விழலாம். 10 அம்பியரில் மெதுவாக ஏற்றினால் பத்து மணித்தியாலத்தில் 23 அலகு இழுக்கும், இழப்புப் போக 20 அலகு பற்றரிக்குள் சேரும். அது 100 கிலோமீற்றருக்கு மேல் ஓடப் போதும். அதுவே எங்களுக்குக் காணும். ஆனால் பழைய பிளக்கில், நீட்டு வயரில் ஒருபோதும் மாட்டவேண்டாம். தனி வயர் இழுத்து, நல்ல எர்த் போட்டு, தெரிந்த ஒருவரைக் கொண்டு செய்யுங்கள். முதல் இரவு ஒரு மணித்தியாலத்துக்கு ஒருதடவை பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் நிறுத்துங்கள்.

பில்லையும் கணக்குப் பாருங்கள். மாதம் 800 கிலோமீற்றர் ஓடினால் இழப்போடு 160 அலகுக்கு மேல் போகும். வீட்டுப் பாவனையோடு சேர்ந்து 180 ஐத் தாண்டினால் மேல் அடுக்குக் கட்டணம். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை குறைந்த கட்டணம் உள்ள நேர அடிப்படைத் திட்டத்துக்கு உங்கள் இணைப்பு பொருந்துமா என்று மின்சார அலுவலகத்தில் கேளுங்கள்.

இதையெல்லாம் எழுதிய கொப்பியோடு தம்பி அனுப்பிய படத்தில் இருந்த காரைப் பார்க்கப் போனேன். வெளியே கண்ணாடி மாதிரி இருந்தது. தூக்கிப் பார்க்கவேண்டும் என்றதும் புரோக்கரின் முகம் மாறியது. "சேர், புதுக் கார் மாதிரி, எதுக்குத் தூக்குறது?" விடவில்லை. கராஜில் தூக்கினோம். பற்றரிப் பெட்டியின் முன் மூலையில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல், அதன் நடுவே உள்ளங்கை அளவு உள்வாங்கிய பள்ளம், அதன் மேல் புதிதாக அடித்த கறுப்புப் பெயின்ற். கராஜ் பாஸ் விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

தம்பிக்குக் கோல் எடுத்தேன். அந்தப் பக்கம் நீண்ட நேரம் சத்தம் இல்லை. பிறகு "அல்ஹம்துலில்லாஹ் நானா" என்றார்.

இரண்டாவது கார் அநுராதபுரத்தில் கிடைத்தது. நாங்கள் கேட்க முன்னரே சொந்தக்காரர் சொன்னார், 12 வோல்ட் பற்றரி ஒருதடவை செத்து மாற்றினாராம், முன் பக்கம் பள்ளத்தில் சத்தம் வருமாம், ஷொக் அப்சோபர் மாற்றவேண்டி வருமாம், விலையில் அதைக் குறைத்துத் தருகிறாராம். தூக்கிப் பார்க்கலாமா என்றதும், தானே கராஜுக்கு ஓட்டிவந்தார். மேலே சொன்ன 222 கிலோமீற்றர் அந்தக் காரின் கணக்கு. புத்தளத்துக்கு ஏசியோடு போய், அங்கே மாமி வீட்டில் இரவு சார்ஜ் போட்டுத் திரும்பலாம். அந்தக் கார்தான் இப்போது முற்றத்தில் நிற்கிறது.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நல்ல பெயர்தான். ஆனால் லீஃப் மிச்சம் இருந்தது.

அதை விற்கவேண்டும். தம்பிக்கு நான் திருப்பிக் கொடுக்கவேண்டிய காசு இருந்தது. ஒரு புரோக்கர் வந்து பார்த்துவிட்டு, எட்டுப் பாரைக் கண்டு உதட்டைப் பிதுக்கினார். பிறகு பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "சேர், ஒரு சின்ன வேலை இருக்கு. பன்னிரண்டும் காட்டும். நாலு இலட்சம் கூடப் போகும். எல்லாரும் செய்றதுதான்."

உண்மையைச் சொல்கிறேன், உடனே இல்லை என்று சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். எனக்கும் அப்படித்தானே செய்தார்கள், என் நட்டத்தை யார் தந்தார்கள் என்று மனம் கணக்குப் போட்டது. கணித ஆசிரியனுக்குக் கணக்கு லேசாக வரும். நனைந்த தானியத்தை உள்ளே மறைத்து, உலர்ந்ததை மேலே வைத்த வியாபாரியை நபிகளார் கண்டித்த சம்பவத்தை நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அந்த இரவு என்னைத் தூங்கவிடாதது அது மட்டும் இல்லை. இந்தக் காரை வாங்குகிறவன் யாருடைய தாயை ஏற்றிக்கொண்டு எந்த ஓமந்தையில் நிற்பானோ என்ற யோசனைதான்.

விடிய புரோக்கருக்கு வேண்டாம் என்றேன்.

கனகராயன்குளத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணை கேள்விப்பட்டு வந்தார். எட்டுப் பாரைக் காட்டினேன். ஓமந்தைக் கதையையும் சொன்னேன். "அண்ணை, அறுபது கிலோமீற்றருக்கு மேல இதை நம்பாதீங்க" என்றேன். அவர் யோசித்தார். கடைக்கும் வீட்டுக்கும் புளியங்குளத்துக்கும் ஓடுவதற்குத்தான் அவருக்குத் தேவை, ஒரு நாளைக்கு முப்பது தாண்டாது. அறுபது கிலோமீற்றர் சோதனை ஓட்டத்தையும் அவரோடு சேர்ந்தே ஓடினோம். குறைந்த விலைக்குத்தான் கொடுத்தேன். போகும்போது சொன்னார்: "மாஸ்டர், நீங்கள் சொல்லாட்டி நான் இதிலை யாழ்ப்பாணம் போக வெளிக்கிட்டிருப்பன்."

அந்த லீஃப் இன்றைக்கும் சீனி மூட்டையோடு ஏ9 இல் ஓடுகிறது. சந்தித்தால் ஹோர்ன் அடித்துக் கை காட்டுவார். எட்டுப் பார் கார் எனக்குச் சுமையாக இருந்தது, அவருக்கு அது அளவான கார். தேய்ந்த பற்றரிக்கும் பொருத்தமான ஒரு ஆள் இருக்கிறார். ஆனால் உண்மையைச் சொன்னால்தான் அந்தக் காரும் அந்த ஆளும் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க முடியும்.

ஆகவே வாங்குகிறவர்களுக்கு: ஓடிப் பாருங்கள், தூக்கிப் பாருங்கள், வீட்டு வயரையும் பாருங்கள். அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள். விற்கிறவர்களுக்கு: உங்கள் காரின் குறையை நீங்களே முதலில் சொல்லுங்கள். நாலு இலட்சம் குறையலாம். இந்த ஊரில் நாங்கள் எல்லோரும் ஒரே வீதியில்தான் ஓடுகிறோம்.

யாராவது பழைய மின்சாரக் கார் பார்க்கப் போவதாக இருந்தால், சனி ஞாயிறில் சொல்லுங்கள். கொப்பியோடு வருகிறேன், காசு வேண்டாம், தேத்தண்ணி போதும். உம்மாவுக்காகத் துஆச் செய்துகொள்ளுங்கள். வருகிற பெருநாளைக்கு இன்ஷா அல்லாஹ் புத்தளம் போகிறோம். இந்த முறை ஓமந்தையில் நிற்காமல் போவோம் என்று சொல்லியிருக்கிறார்.